வீட்டின் எடை எங்கே போகிறது?

பத்துக்குப் பத்து அடியில் ஒரு சாதாரணப் படுக்கையறை. அதன் மேல் ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் கூரை. அந்தக் கூரையின் எடை மட்டுமே ஏறக்குறைய 2,900 கிலோ. ஒரு பக்கத்து ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரத்துக்கு எழுப்பினால் சுமார் 4 டன். மாடியில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் அது நிரம்பும்போது ஒரு டன். கட்டில், பீரோ, வசிக்கும் ஆட்கள், விசேஷ நாளில் வந்து கூடும் உறவினர்கள் என எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து, வீட்டு அறைகளில் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது இந்தியக் கட்டுமான விதி. அதன்படி இந்தச் சின்ன அறைக்கு இன்னொரு 1,850 கிலோ.

இத்தனைக்கும் கீழே ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்குகிறது. அந்த எடை ஒவ்வொன்றும் மண்ணைப் போய்ச் சேர அறுபடாத ஒரு பாதை இருப்பதுதான் அதற்குக் காரணம். கட்டடம் நிற்பதன் அடிப்படையே இந்தப் பாதைதான். புதிதாக வீடு கட்டுகிறவர்களைவிட, கட்டிய வீட்டில் சுவரை இடிக்கிறவர்களும் மேலே இன்னொரு மாடி எழுப்புகிறவர்களும் இதை அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும். பாதையை அறியாமல் அறுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

இன்றைய அடுக்குமாடிகளில் பாதை இப்படிப் போகிறது. கூரை ஸ்லாப் தன் எடையையும் தன்மேல் வந்த சுமையையும் சுற்றியுள்ள பீம்களிடம் கொடுக்கிறது. பீம் தன் இரு முனைகளிலும் உள்ள தூண்களிடம் கொடுக்கிறது. தூண் அதைக் கீழ்த்தளத் தூணிடம் இறக்குகிறது. ஆகவே ஐந்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத் தூண், தனக்கு மேலே உள்ள எல்லாத் தளங்களுக்கும் பொறுப்பு. இடையில் உள்ள செங்கல் சுவர்கள் பெரும்பாலும் மறைப்புக்காகக் கட்டப்பட்டவை. அவற்றின் எடையையும் பீம்தான் சுமக்கிறது. பழைய வீடுகளில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் கான்கிரீட் தூணும் பீமும் கிடையாது. சுவரே சுமை தாங்கி. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலப் பூசி, வெள்ளையடித்து நிற்கும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

தூண் தரையைத் தொட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. எம்20 என்று சொல்லப்படும் சாதாரணக் கான்கிரீட்டைச் சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்த்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,000 டன் வரை தாங்கும். சாதாரண மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 டன் வரையில்தான் பொறியாளர்கள் சுமையேற்றத் துணிவார்கள். ஒல்லியான தூணை அப்படியே மண்ணில் ஊன்றினால் அது உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் தூணின் அடியில் அகலமான ஃபுட்டிங் போட்டு, அதே எடையைப் பெரிய பரப்பில் விரித்து மண்ணிடம் ஒப்படைக்கிறார்கள்.

மண் கொஞ்சம் அமுங்குவது இயல்பு. கட்டடம் முழுவதும் ஒரே அளவு அமுங்கினால் பெரிய பாதகம் இல்லை. ஒரு மூலை அதிகமாகவும் மறு மூலை குறைவாகவும் இறங்கும்போதுதான் சுவர்கள் கிழிகின்றன. 1173-இல் கட்டத் தொடங்கிய பைசா கோபுரம், மூன்றாவது தளம் எழும்போதே சாயத் தொடங்கியது. கோபுரத்தின் கல்லில் குறையில்லை. அடியில் இருந்த களிமண் ஒரு பக்கம் அதிகம் இளகியிருந்தது. 1990-இல் கோபுரத்தை மூடி, சாயாத பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியிலிருந்து எடுத்து, 40 சென்டிமீட்டருக்கும் மேல் நிமிர்த்திய பிறகே 2001-இல் மீண்டும் திறந்தார்கள். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். மண் பரிசோதனை செய்யாமல் ‘பக்கத்து வீட்டுக்குப் போட்டதையே போடலாம்’ என்று அஸ்திவாரம் போடுவது வருத்தத்துக்குரிய பழக்கம். ஒரே தெருவில்கூட மண் மாறும். பழைய குளத்தைத் தூர்த்த இடமாக இருந்தால் ஒரே மனைக்குள்ளேயே மாறும்.

பாதை இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன்மேல் வரும் விசையைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். விசைகள் அடிப்படையில் இரண்டு: நசுக்குவது, இழுப்பது. வளைவது என்பது இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து நடப்பது. பள்ளிக்கூட மர அடிக்கோலை இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் வைத்து நடுவில் விரலால் அழுத்தினால், அதன் மேல்பக்கம் குறுகுகிறது, அடிப்பக்கம் நீள்கிறது. மேலே நசுக்கு விசை, கீழே இழுவிசை. இரு முனைகளிலும் தாங்கப்பட்ட உத்திரங்களிலும் கூரைகளிலும் நடப்பது இதுதான்.

கருங்கல் நசுக்கு விசையை அபாரமாகத் தாங்கும். இழுவிசைக்கு முன்னால் மிகவும் பலவீனமானது. கல் உத்திரத்தை நீளமாகப் போட்டால் அதன் அடிப்பக்கம் விரிசல் விட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டாக முறியும். நீளம் இரண்டு மடங்கானால் வளைக்கும் விசை நான்கு மடங்காகிறது என்பதால் இடைவெளியை நினைத்தபடி கூட்டவும் முடியாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நெருக்கமாக நிற்பதை அழகுக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கல்லால் கூரை போட வேண்டுமானால் தூண்கள் நெருங்கித்தான் நிற்க வேண்டும். தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டி நிற்கும் போதிகையும் சிற்ப வேலைக்கான இடம் மட்டும் அல்ல. அது உத்திரத்துக்கு முன்னாலேயே போய்த் தாங்கி, உத்திரம் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைக்கிறது. இயற்பியல் பாடநூல் இல்லாத காலத்தில், முறிந்த கற்களையே ஆசிரியராகக் கொண்டு சிற்பிகள் கண்டடைந்த அறிவு அது.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இதே கல்லை வேறு விதமாகக் கையாள்கிறது. 1010-இல் முடிந்த, ஏறக்குறைய 200 அடி உயர விமானத்தின் உட்பகுதி பெரும்பாலும் வெற்றிடம். ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே நீண்டு, மேலே போகப் போகக் குறுகி, கடைசியில் சிகரத்தில் சேர்கின்றன. அடி அகலமாகவும் முடி குறுகலாகவும் இருப்பதால் எடை ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது. கல்லுக்குப் பிடிக்காத இழுவிசைக்கு அங்கே வேலை மிகக் குறைவு. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அது நிற்பதற்கு இந்த வடிவம் முதன்மையான காரணம்.

வளைவு என்பது மூன்றாவது வழி. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில், 1636-இல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வளைவுகள், கல் உத்திரத்தால் எட்ட முடியாத தூரத்தை எட்டுகின்றன. வளைவில் உள்ள ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை நெருக்கிக்கொண்டே இருக்கிறது. எங்கும் நசுக்கு விசைதான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வளைவு தன் கால்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளுதலுக்கு ஈடுகொடுக்கும் பருமன் அடியில் இருக்க வேண்டும். மகாலின் தூண்களைக் கட்டிப்பிடிக்க ஓர் ஆளின் கைகள் போதாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கான்கிரீட்டும் ஒரு வகைக் கல்தான். அதன் இழுவைப் பலம், நசுக்குப் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் உள்ளே கம்பி. ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், உடையாத பூந்தொட்டி செய்ய வேண்டும் என்று சிமெண்டுக்குள் கம்பி வலையை வைத்து, 1867-இல் காப்புரிமை வாங்கினார். இழுவிசையைக் கம்பி ஏற்றது. நசுக்கு விசையைக் கான்கிரீட் ஏற்றது. இரண்டும் வெயிலில் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவும் இல்லை. இன்றைய நகரங்கள் எல்லாம் இந்தக் கூட்டணியின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் கம்பி எவ்வளவு போட்டோம் என்பதைவிட எங்கே போட்டோம் என்பது முக்கியம். சாதாரண அறையின் கூரையில் இழுவிசை அடிப்பக்கம் வருகிறது. முதன்மைக் கம்பியும் அடியில்தான் இருக்க வேண்டும். சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் சன்ஷேடிலும் பால்கனியிலும் இது தலைகீழ். ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு, மறுபக்கம் அந்தரம். நுனி கீழே வளையப் பார்க்கும்போது மேல்பக்கம்தான் இழுபடுகிறது. ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும், அதுவும் உள்ளே உள்ள பீமுக்குள்ளோ ஸ்லாபுக்குள்ளோ நன்றாக ஓடிப் பிடித்திருக்க வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தைக் கட்டுமான இடத்தில் நின்று கவனிப்பது ஒவ்வொரு வீட்டுக்காரரின் கடமை. கம்பி கட்டுகிறவர் சரியாக மேலேதான் கட்டியிருப்பார். கான்கிரீட் கொட்டும் நாளில், சட்டியோடு நடக்கிறவர்கள் அந்தக் கம்பியின் மேல் ஏறி நடப்பார்கள். கம்பி இரண்டு அங்குலம் கீழே அமுங்கிவிடும். மேலே கான்கிரீட் மூடிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. சாரமும் பலகையும் பிரித்த அன்றே விழும் சன்ஷேடுகளும், சில ஆண்டு கழித்து ஒரு மழை நாளில் விழும் பால்கனிகளும் இப்படித்தான் உருவாகின்றன. மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில் நாற்காலிபோல் வளைத்த துண்டுக் கம்பிகளை வைப்பதும், நடப்பதற்குத் தனியாகப் பலகை போடுவதும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

அந்தரத்தில் நீளும் தளம் பெரிய மேதைகளையும் சோதித்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் அருவியின் மேல் ஃபிராங்க் லாயிட் ரைட் 1930களில் கட்டிய ‘ஃபாலிங்வாட்டர்’ வீடு உலகப் புகழ் பெற்றது. அதன் தளங்கள் நீரோடையின் மேல் நீண்டு நிற்கின்றன. முட்டுகளைப் பிரித்தபோதே தளம் தொங்கியது; பல பத்தாண்டுகளில் அந்தத் தொய்வு சில இடங்களில் 7 அங்குலம் வரை போனது. கடைசியில் 2002-இல் தளத்துக்கு அடியில் எஃகு வடங்களை ஓட்டி, இழுத்து முறுக்கிப் பலப்படுத்த வேண்டியிருந்தது.

இதுவரை பார்த்தது மேலிருந்து கீழே இறங்கும் சுமை. காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளுகின்றன. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாதில் பல அடுக்குமாடிகள் விழுந்தன. விழுந்தவற்றில் பலவற்றுக்கு ஓர் ஒற்றுமை இருந்தது: கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல், வெறும் தூண்களில் நிறுத்தியிருந்தார்கள். மேல்மாடிகளில் செங்கல் சுவர்கள் தூண்களுக்கு இடையே அடைத்து நின்றதால் அவை விறைப்பாக இருந்தன. தரைத்தளம் மட்டும் தளர்வாக இருந்தது. ஆட்டம் முழுவதும் அந்த ஒரு தளத்தில் குவிந்து, தூண்கள் மடங்கின. இன்று சென்னையில் கட்டப்படும் அடுக்குமாடிகளும் பெரும்பாலும் இதே அமைப்பில் உள்ளவை. தரைத்தளத் தூண்களைப் பருமனாக்கி, லிஃப்ட்டைச் சுற்றியோ வேறு இடங்களிலோ அடியிலிருந்து முடிவரை கான்கிரீட் சுவர் எழுப்பினால் இந்தக் குறை தீரும். வாங்குகிறவர்கள் டைல்ஸின் நிறத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

தூணுக்குள் நேராக நிற்கும் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவார்கள். நில அதிர்வில் இந்த ரிங்தான் தூணின் உயிர். செங்குத்துக் கம்பிகள் வெளியே பிதுங்காமலும் உள்ளே உள்ள கான்கிரீட் உதிர்ந்து போகாமலும் அது கட்டிப்போடுகிறது. ரிங்கின் முனைகளை 90 டிகிரியில் மடித்துவிட்டால், ஆட்டத்தில் அது அவிழ்ந்துகொள்ளும். 135 டிகிரி வரை உள்ளே திருப்பி மடிக்க வேண்டும் என்கிறது நிலநடுக்கத்துக்கான இந்திய விதியான ஐ.எஸ். 13920. கூடுதல் செலவு என்று சொல்ல எதுவும் இல்லை. கம்பி மடிக்கும்போது கையை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இணைப்புகளும் அப்படியே. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் கூடத்துக்கு மேலே, இரண்டாம் தளத்து நடைபாலமும் நான்காம் தளத்து நடைபாலமும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பிகள் இரண்டு பாலங்களையும் தனித்தனியாகத் தாங்கின. வேலை எளிதாக வேண்டும் என்று அதை மாற்றி, மேல்பாலத்தைக் கூரையிலிருந்தும் கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலிருந்தும் தொங்கவிட்டார்கள். பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் மேல்பாலத்தின் திருகாணிகள் ஒன்றுக்குப் பதில் இரண்டு பாலங்களைச் சுமந்தன. முதல் வரைபடமே விதிப்படியான பலத்துக்குக் குறைவாக இருந்தது. மாற்றம் அதை மேலும் மோசமாக்கியது. 1981 ஜூலை 17 இரவு, நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

பாதை எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்பதை முழுமையாகக் காட்டியது சியோலின் சாம்பூங் பல்பொருள் அங்காடி. முதலில் வேறு பயன்பாட்டுக்குத் திட்டமிட்ட கட்டடம் அது. வேலை நடக்கும்போதே அங்காடியாக மாற்றினார்கள். எஸ்கலேட்டர்களுக்கு இடம் வேண்டும் என்று தூண்களில் கைவைத்தார்கள். திட்டத்தில் இல்லாத ஐந்தாவது தளத்தைச் சேர்த்தார்கள். முதலில் எடுத்த கட்டுமான நிறுவனம் இந்த மாற்றங்களுக்கு ஒப்பாமல் விலக, உரிமையாளர் தன் சொந்த நிறுவனத்தைக் கொண்டு முடித்தார். ஐந்தாம் தளத்தில் உணவகங்கள் வந்தன. கொரிய வழக்கப்படி தரையில் உட்கார்ந்து சாப்பிட, கீழிருந்து சூடேறும் கனத்த கான்கிரீட் தரை போட்டார்கள். சுமை இன்னும் ஏறியது.

அந்தக் கட்டடத்தில் பீம் கிடையாது. ஸ்லாப் நேரடியாகத் தூண்களின் மேல் அமர்ந்திருந்தது. உயரம் மிச்சமாகும், இடம் விசாலமாகத் தெரியும். ஒழுங்காகக் கணக்கிட்டால் பாதுகாப்பான முறையும்கூட. ஆனால் அதில் எல்லாச் சுமையும் தூணைச் சுற்றியுள்ள சிறிய வளையத்தில் குவியும். தூண் மெலிந்தால் வளையமும் சிறுக்கும். அங்கே தூண்கள் திட்டமிட்ட அளவைவிட மெலிவாக இருந்தன. பிறகு மொட்டைமாடியில் இருந்த பல டன் எடையுள்ள குளிர்சாதன இயந்திரங்களை, சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதால், தூக்காமல் கூரையின் மேலேயே இழுத்து வேறு பக்கம் நகர்த்தினார்கள். கூரையில் விரிசல்கள் விட்டன. 1995 ஏப்ரலில் ஐந்தாம் தளத்திலும் விரிசல்கள் தெரிந்தன. ஜூன் 29 காலையில் அவை பெருகியதும் மேல்தளத்தை மூடினார்கள். மற்ற தளங்களில் விற்பனை நடந்தது. மாலை 6 மணிக்குச் சற்று முன் தூண் ஸ்லாபைத் துளைத்துக்கொண்டு போக, மேல்தளம் கீழ்த்தளத்தின் மேலும், அது அதற்கும் கீழே உள்ளதன் மேலும் விழுந்து, அங்காடியின் ஒரு பகுதி அரை நிமிடத்துக்குள் அடித்தளம் வரை இறங்கியது. 502 பேர் இறந்தார்கள்.

காலையிலிருந்து மாலை வரை அந்தக் கட்டடம் தன்னால் முடியாது என்று விரிசலின் மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டிருந்தால் ஓர் உயிர்கூடப் போயிருக்காது என்பதுதான் தாங்க முடியாத செய்தி.

எல்லா விரிசலும் ஆபத்தானது அல்ல. பூச்சில் தலைமுடிபோல் ஓடும் கோடுகள் பெரும்பாலும் சிமெண்ட் காயும்போது சுருங்கியதால் வருபவை. சுவரும் பீமும் சேரும் இடத்தில் நேராக ஓடும் கோடு, இரண்டு பொருள்கள் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சரிவாக ஏறி, மாதாமாதம் அகலமாகிக்கொண்டே போகும் விரிசல் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்கிறது. பீமின் முனையருகே சாய்வாக ஓடும் விரிசலையும், தூணில் மேலும் கீழுமாக ஓடும் விரிசலையும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கடலோர ஊர்களில் கூரையின் அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதென்றால், துரு பல மடங்கு உப்பிக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது என்று பொருள். அதன் மேல் சிமெண்ட் பூசி மறைப்பது நோயை மூடிவைப்பது. துருவைச் சுரண்டி எடுத்து, கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்த்துப் பழுதுபார்க்க வேண்டும்.

கூடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுக்க நினைக்கிறவர், முதலில் அந்த இடத்துக்கு நேர் மேல்மாடியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். அங்கேயும் சுவர் நின்றால், அதைத் தாங்கும் பீம் இடையில் இருக்கிறதா என்பது உறுதியாகத் தெரியாமல் உளி விழக் கூடாது. ஸ்விட்ச் பெட்டியையோ குழாயையோ பதிக்கத் தூணில் வெட்டுவதும், ஏ.சி. குழாய்க்காகப் பீமில் ஓட்டை போடுவதும் இன்று சர்வசாதாரணமாக நடக்கின்றன. உள்ளே போகும் ரிங்கும் கம்பியும் அறுபடுகின்றன என்று அதைச் செய்கிறவருக்குச் சொல்லவும் ஆள் இல்லை. அனுபவமுள்ள மேஸ்திரியின் கைத்திறன் மதிக்கத்தக்கது. ஆனால் சுமைக் கணக்கு கட்டமைப்புப் பொறியாளரின் வேலை, இரண்டும் ஒன்றல்ல.

அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் சாவி வாங்கும்போதே கட்டமைப்பு வரைபடத்தின் நகலையும் கேட்டு வாங்கி, பத்திரத்தோடு வைத்துக்கொள்ளலாம். எது தூண், எது வெறும் சுவர் என்பது அதில் இருக்கும். பழைய வீட்டின் மேல் மாடி எழுப்ப நினைக்கிறவர்களிடம் பெரும்பாலும் அந்த வரைபடம் இருக்காது. அப்போது பொறியாளர் ஒரு மூலையில் குழி தோண்டி ஃபுட்டிங்கின் அளவைப் பார்ப்பார், தூணிலிருந்து சிறு உருளையாகக் கான்கிரீட்டை வெட்டியெடுத்து நசுக்கிச் சோதிப்பார், கம்பி எங்கே எத்தனை இருக்கிறது என்பதைக் கருவி வைத்துக் கண்டுபிடிப்பார். அந்த அறிக்கை வரும்வரை செங்கல் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.